யூ.எஸ்.பி. வேலை செய்யவில்லை: பழுது கம்பியிலா, விண்டோஸிலா?

பென் டிரைவைக் குத்துகிறீர்கள். கணினி வாய் திறக்கவில்லை. அல்லது ஒரு சத்தம் வருகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் நம்மவர்கள் சொல்லும் தீர்ப்பு இரண்டே: "போர்ட் போயிருச்சு", "விண்டோஸ் புதுசாப் போடணும்". இரண்டும் சோதிக்காமல் சொல்லும் ஊகம். மஸ்கெலியாப் பக்கத்திலோ பொகவந்தலாவைப் பக்கத்திலோ உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய் வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போய்விடும். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்தது. ஊகம் பிழைத்தால் அன்றைய சம்பளமும் பஸ் காசும் முதலில் போகும். கடைக்காரருக்குக் கொடுப்பது அதற்கு மேல். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்ட பிறகும் பென் ஏறவில்லை என்றால், பிள்ளையின் பாடக் குறிப்புகளையும் கல்யாணப் படங்களையும் இழந்ததுதான் மிச்சம்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். விண்டோஸில் கை வைக்கும் முன், விண்டோஸ் இன்னும் எழும்பாத நேரத்தில் அந்தப் போர்ட்டைச் சோதித்துப் பாருங்கள். அந்த ஒரு சோதனை பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். மலையகத்தில் இந்த வரிசையைப் பிடித்துக்கொள்ளத் தனியாகவும் காரணம் இருக்கிறது. வட்டவளையில் வருட மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையில் புல்லில் உறைபனி விழும். ஈரம், எர்த் இல்லாத வயரிங், பிற்பகல் இடி ஆகிய மூன்றும் தாக்குவது கம்பியையும் தகட்டையும்தான். அதனால் இங்கே முதல் சந்தேகம் வன்பொருள் மேல் விழுவது நியாயம். சந்தேகத்தையே தீர்ப்பாக்கிவிடாமல் இருக்கத்தான் சோதனை.

குத்தியதும் உள்ளே நடப்பது

யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டுக்குள் நான்கு தகடுகள் இருக்கும். ஓரத்து இரண்டும் 5 வோல்ட் கரண்டுக்கு. நடுவில் உள்ள இரண்டும் பேச்சுக்கு. செருகியில் ஓரத்துத் தகடுகள் சற்று நீளமாக இருப்பதால், கரண்ட் முதலில் போய்ச் சேரும், பேச்சு அதன் பின்னால் தொடங்கும். கரண்ட் கிடைத்த கருவி, பேச்சுக் கம்பி ஒன்றில் "வந்திருக்கிறேன்" என்று அடையாளம் காட்டும். கணினி உடனே "நீ யார்?" என்று கேட்கும். கருவி தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லும். அந்த எண்களை வைத்து விண்டோஸ் பொருத்தமான டிரைவரைத் தேடி எடுக்கும். பென் டிரைவ் என்றால் அதற்குப் பின் ஓர் எழுத்தும் கொடுத்து உள்ளே இருக்கும் கோப்புகளைக் காட்டும்.

ஆக, படிகள் நான்கு: கரண்ட், அறிமுகம், டிரைவர், கோப்பு. கீழ்ப் படி இரண்டும் பெரும்பாலும் கம்பியும் தகடும் சம்பந்தப்பட்டவை. மேல் படி இரண்டும் மென்பொருள். "யூ.எஸ்.பி. போச்சா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "எத்தனையாம் படி வரை ஏறியது?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் எரிகிறதே, போர்ட் நல்லதுதானே என்று பலர் வாதாடுவார்கள். அந்த வெளிச்சம் முதல் படிக்கு மட்டுமே சாட்சி. நடுத் தகடு ஒன்று துருப்பிடித்திருந்தாலும் வெளிச்சம் எரியும், அம்புக்குறி அசையாது. போனுடன் வரும் மலிவு வயர்கள் சிலவற்றில் பேச்சுக் கம்பியே இருக்காது; போன் சார்ஜ் ஏறும், கணினியில் படம் ஒன்றும் தெரியாது. அங்கே பழுது என்று எதுவுமே இல்லை, வயர் அப்படிச் செய்யப்பட்டது.

கை வைக்கும் முன்

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் சோதனையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது; செருகியையே சுவரிலிருந்து பிடுங்க வேண்டும், இணைய ரூட்டரிலிருந்து வரும் வயரையும் சேர்த்து. சுவிட்சுக்குள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும்.

பெட்டியின் இரும்பைத் தொட்டால் கையில் "சுர்" என்று ஏறுகிறதா? எர்த் இல்லை என்பதற்கு அது அறிகுறி. பழைய லயன் அறைகளில் மூன்று துளை பிளக் இருக்கும். எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. கணினியின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்திருக்கும் சிறு கெபாசிட்டர்கள் கரண்டில் ஒரு துளியைப் பெட்டியின் இரும்புக்கு விடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி பெட்டியின் மேலேயே நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுர் என்பதோடு முடியலாம். உள்ளே உண்மையிலேயே வயர் ஒட்டியிருந்தாலும் தொடக்கத்தில் அதே சுர்தான், கையால் தொட்டு வித்தியாசம் சொல்ல முடியாது. ஆகவே ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கும் யூ.எஸ்.பி.க்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேறு சுவரிலிருந்து கரண்ட் எடுக்கும் பிரிண்டரின் வயரை இந்தப் பெட்டியில் குத்தும் நொடியில், தேங்கி நின்ற மின்னழுத்தம் போர்ட் வழியாகப் பாயும். சிறு பொறி பறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு மூன்று தடவை தப்பிய போர்ட் நான்காம் தடவை செத்துப்போகும்.

குறிப்பு: கணினியும் பிரிண்டரும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும். இரண்டும் அணைந்திருக்கும்போதே யூ.எஸ்.பி. வயரைக் குத்திவிட்டு, அதன் பிறகு கரண்ட் கொடுங்கள்.

குளிரில் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டுவந்த லேப்டாப்பை அடுப்பெரியும் சூடான அறைக்குள் வைத்தவுடன் போடாதீர்கள். குளிர்ந்த தகட்டில் அறைக் காற்றின் ஈரம் பனித்துளியாக ஒட்டும். பைக்குள்ளேயே ஒன்றிரண்டு மணி நேரம் இருந்தால் அறையின் சூட்டுக்கு வந்துவிடும்.

சோதனை வரிசை

ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். மாற்றியதையும் நடந்ததையும் எழுதுங்கள். போர்ட்டையும் வயரையும் டிரைவரையும் ஒரே மூச்சில் மாற்றி வேலை நடந்துவிட்டால், எது பழுது என்று கடைசி வரை தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பி வரும்.

1. வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கணினியை அணைத்து, செருகியைப் பிடுங்கி, போன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். கறுப்பாகவோ வெள்ளையாகவோ நீலமாகவோ ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். அதன் ஒரு பக்கத்தில் நான்கு பொன்னிறக் கோடுகள். நான்கும் நேராக, ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? ஒன்று வளைந்து பக்கத்துக் கோட்டைத் தொடுகிறதா? பொன்னிறத்துக்கு மேல் பச்சை பூத்திருக்கிறதா? பச்சை என்றால் செம்பு துருப்பிடித்திருக்கிறது. வளைந்து ஒட்டிய தகடு கண்ணில் பட்டால் அந்தப் போர்ட்டில் எதையும் குத்தாதீர்கள். ஓரத்து இரண்டு தகடுகளும் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகும். சில கணினிகள் அதைக் கண்டவுடன் எச்சரிக்கை காட்டித் தாமாகவே அணைந்துவிடும். பெட்டி முழுவதுமே கெட்டுவிட்டதாக நினைக்கச் செய்யும் பழுது இது.

2. தேங்கிய கரண்டை இறக்குங்கள். எல்லா யூ.எஸ்.பி. சாமான்களையும் பிடுங்குங்கள். சுவர்ச் செருகியையும் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். லேப்டாப் என்றால், கழற்றக்கூடிய பேட்டரியைக் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். மேலோட்டமான காரணங்கள் பல இதிலேயே தீரும். விண்டோஸ் 8-இலிருந்து "ஷட் டவுன்" கொடுத்தாலும் கணினி தன் நினைவில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறது. முழுதாகத் துடைத்து எழும்ப வேண்டுமானால் "ரீஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். "நேற்று ராத்திரி அணைத்துத்தானே வைத்தேன்" என்பது இதனால்தான் போதுமான சாட்சி ஆவதில்லை.

3. பின்பக்கத்துக்குப் போங்கள். மேசைக் கணினியின் முன்பக்க போர்ட்கள் உள்ளே ஒரு வயரால் மதர்போர்ட்டுக்குப் போகின்றன. பின்பக்கத்துப் போர்ட்கள் மதர்போர்ட்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. ஹப், நீட்டு வயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேராகப் பின்னால் குத்துங்கள். அங்கே வேலை செய்தால், முன்பக்கத்து வயரோ அந்தப் போர்ட்டோதான் பழுது. விண்டோஸ் இதில் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, ஏனெனில் ஒரே வகைப் போர்ட்களாக இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் டிரைவர் வழக்கமாக ஒன்றுதான்.

4. குறுக்காக மாற்றிப் பாருங்கள். வேலை செய்யாத கருவியை நல்ல போர்ட்டில். நன்றாக வேலை செய்யும் கருவியைச் சந்தேகப் போர்ட்டில். அதே கருவியை வேறு வயரில். கடைசியாக அதே கருவியை வேறு கணினியில். "அடுத்த வீட்டுக் கணினியில் ஏறுகிறது, அதனால் நம்முடையதுதான் பழுது" என்று ஒரே சோதனையில் முடிவு கட்டாதீர்கள். பலவீனமான ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் அங்கே புது போர்ட்டில் ஓடும், இங்கே பழைய போர்ட்டில் திணறும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தருவதாக வகுக்கப்பட்ட அளவு 500 மில்லிஆம்பியர்; 3.0 போர்ட்டுக்கு 900. மாலையில் வோல்டேஜ் இறங்கும் லயத்தில் பழைய பவர் சப்ளை உள்ள பெட்டி அந்த 500-ஐயும் நிதானமாகத் தருமா என்பது சந்தேகமே. டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு டிஸ்க் மறைவது பெரும்பாலும் கரண்ட் போதாமைதான்.

5. விண்டோஸ் எழும்பும் முன் கேளுங்கள். இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இந்தப் படி. யூ.எஸ்.பி. கீபோர்ட் ஒன்றைச் சந்தேகப் போர்ட்டில் குத்திவிட்டுக் கணினியைப் போடுங்கள். போட்டதும் டிலீட் அல்லது எஃப் 2 விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். சில கணினிகளில் எஃப் 10, சிலவற்றில் எஸ்கேப். விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸின் திரை வந்தால், அம்பு விசைகளால் மேலும் கீழும் போய்ப் பாருங்கள். எதையும் மாற்றாமல், சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். இந்த நேரத்தில் விண்டோஸ் இல்லை, அதன் டிரைவர் இல்லை, வைரசும் இல்லை. இங்கே ஓடும் கீபோர்ட் விண்டோஸில் செத்துப்போனால் பழுது மென்பொருளில். லேப்டாப்பில் அதன் சொந்த விசைப்பலகையால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பெரும்பாலானவற்றில் அது யூ.எஸ்.பி. வழியே போவதில்லை. பென் டிரைவைச் சோதிக்க வேண்டுமானால், கணினி எதிலிருந்து எழும்பலாம் என்று காட்டும் பூட் பட்டியலில் அதன் பெயர் வருகிறதா என்று பாருங்கள். பெயர் வந்தால் கரண்ட், அறிமுகம் என்ற முதல் இரண்டு படியும் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

6. டிவைஸ் மேனேஜரின் எண்ணைப் படியுங்கள். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கருவியைக் குத்துங்கள், பிடுங்குங்கள், மறுபடி குத்துங்கள். ஒவ்வொரு தடவையும் பட்டியல் ஒரு நொடி துடித்துப் புதுப்பித்துக்கொண்டால் கணினி கருவியை உணர்கிறது. துடிக்கவே இல்லை என்றால், "வந்திருக்கிறேன்" என்ற அடையாளமே போய்ச் சேரவில்லை. மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரண்டு தடவை சொடுக்கி, உள்ளே இருக்கும் கோட் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். விளக்கம் கீழே.

7. இனிமேல்தான் டிரைவர். பழுது மென்பொருளில் என்று ஐந்தாம், ஆறாம் படிகள் சொன்னால் மட்டும், அந்தக் கருவியின் பெயரில் வலது சொடுக்கு, "அன்இன்ஸ்டால் டிவைஸ்", பிறகு ரீஸ்டார்ட். அடுத்து "யூ.எஸ்.பி. ரூட் ஹப்" என்பவற்றைத் திறந்து, "பவர் மேனேஜ்மென்ட்" பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள். சிறிது நேரம் சும்மா இருந்தபின் மவுஸ் தூங்கிப்போவது இதனால் தீரும். கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்குவது பலர் செய்யும் தவறு. நீக்கிய நொடியே யூ.எஸ்.பி. மவுஸும் கீபோர்டும் செத்து, "ஆம்" என்று அழுத்தக்கூட வழியில்லாமல் நிற்பீர்கள். அப்படி மாட்டிக்கொண்டால் பவர் பட்டனை ஒரு தடவை மெதுவாகத் தட்டி அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் எழும்பும்போது அவற்றைத் தானாகவே திரும்பக் கண்டுகொள்ளும்.

எண்கள் சொல்லும் செய்தி

கோட் 43, அதுவும் "அன்னோன் யூ.எஸ்.பி. டிவைஸ்" என்ற பெயரோடு டிஸ்கிரிப்டர் கேட்டது தோல்வி என்ற வாசகமும் வந்தால், அறிமுகம் என்ற இரண்டாம் படியில் சறுக்கியிருக்கிறது. "நீ யார்?" என்ற கேள்விக்குச் சரியான பதில் வரவில்லை. கணினிக்கு யாரென்றே தெரியாத கருவிக்கு எந்த டிரைவரைப் போட முடியும்? இந்த எண்ணைக் கண்டதும் டிரைவர் தேடி இணையத்தில் டேட்டாவைக் கரைப்பது வீண். வயர், தகடு, கரண்ட், கருவி என்ற வரிசையில் திரும்பிப் போங்கள். கோட் 28 இதற்கு நேர் எதிர். அறிமுகம் முடிந்துவிட்டது, டிரைவர் மட்டும் இல்லை. கோட் 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவி தொடங்க மறுக்கிறது. கோட் 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். "எனேபிள்" கொடுத்தால் முடிந்தது.

தோட்ட ஆபீஸ் கணினியில் மவுஸும் பிரிண்டரும் ஓடும், பென் டிரைவ் மட்டும் எந்தப் போர்ட்டிலும் திறக்காது என்றால், அது நிர்வாகம் வேண்டுமென்றே போட்ட பூட்டாக இருக்கலாம். செக்ரோல் பதிவும் சம்பளக் கணக்கும் இருக்கும் கணினிக்கு அது தேவையான பூட்டு. அதை உடைக்க வழி தேடாமல், பொறுப்பானவரிடம் கேளுங்கள்.

இந்த முறைக்கு எதிரான வாதங்கள்

ஐந்தாம் படியின் மேல் நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பயாஸில் கீபோர்ட் ஓடினால் போர்ட் முழுக்க நல்லது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சாதாரணக் கீபோர்ட் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது, யூ.எஸ்.பி. 2.0 பென் பேசும் வேகம் 480 மெகாபிட். மெல்லிய துரு படிந்த தகடு மெதுவான பேச்சை விட்டுவிடும், வேகமான பேச்சைக் குழப்பிவிடும். கரட்டுப் பாதையில் நடந்து போகிறவர் போய்ச் சேருவார், லொறி போகாது, அது போலத்தான். ஆகவே கீபோர்ட் ஓடி, பென் மட்டும் மறுத்தால், அந்தப் பென்னை வைத்தே பூட் பட்டியலில் பார்க்க வேண்டும். இங்கும் கவனம் தேவை. சில கணினிகள் பூட் ஆகக்கூடிய பென்னை மட்டுமே பட்டியலில் காட்டும். பயாஸில் பழைய யூ.எஸ்.பி. ஆதரவு அணைக்கப்பட்டிருந்தால் நல்ல கீபோர்டும் அங்கே ஊமையாக இருக்கும். பெயர் தெரிந்தால் அது உறுதியான சாட்சி. தெரியாவிட்டால் அது பாதிச் சாட்சிதான், மற்றப் படிகளோடு சேர்த்தே எடை போட வேண்டும்.

முழு உறுதி வேண்டுமானால், லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென்னில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே எழுப்பிப் பாருங்கள். விண்டோஸில் மறுத்த கருவி அங்கே ஓடினால் வழக்கு தீர்ந்தது. டேட்டா செலவு பெரிதுதான். ஊரில் ஒருவர் ஒரு தடவை இறக்கி வைத்தால் லயம் முழுக்க அந்தப் பென் சுற்றலாம்.

இரண்டாவது வாதம்: "இவ்வளவு எதற்கு, ஃபோர்மெட் செய்து விண்டோஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?" சில சமயம் சரியாகும். துருவும் வளைந்த தகடும் சரியாகாது. புதிதாகப் போடுவதே பழுதைக் கொண்டுவரும் இடமும் இருக்கிறது. விண்டோஸ் 7-இல் யூ.எஸ்.பி. 3.0-க்கான டிரைவர் உள்ளடங்கி வரவில்லை. விண்டோஸ் 8-இலிருந்துதான் வந்தது. குறைந்த நினைவகம் உள்ள கணினி வேகமாக ஓடட்டும் என்று விண்டோஸ் 7 போட்டுக் கொடுத்தால், நேற்று வரை ஓடிய நீலப் போர்ட்கள் இன்று செத்துக் கிடக்கும். பயாஸில் ஓடும், விண்டோஸில் ஓடாது. ஐந்தாம் படியைச் செய்தவர் மதர்போர்ட் தளத்திலிருந்து ஒரு டிரைவரை எடுத்துப் போட்டு முடித்துவிடுவார். செய்யாதவர் "ஃபோர்மெட் பண்ணியும் வரவில்லை, மதர்போர்ட் போச்சு" என்று நல்ல பலகையைக் குப்பைக்கு அனுப்புவார்.

தராசு வயர்: இரண்டும் கலந்த இடம்

வன்பொருளா மென்பொருளா என்ற கோடு சில நேரம் மங்கிவிடும். கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசு, பழைய பில் பிரிண்டர் போன்றவற்றைக் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி.–சீரியல் வயருக்குள் ஒரு சிறு சிப் இருக்கும். ப்ரோலிஃபிக் நிறுவனத்தின் பி.எல். 2303 அவற்றில் பெயர்போனது. அதற்குப் போலிகளும் ஏராளம். அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர், போலியையும் தன் பழைய வகைச் சிப்பையும் ஏற்பதில்லை. விண்டோஸ் தானாகப் புதுப்பித்த மறுநாள், மூன்று வருடம் ஓடிய வயர் கோட் 10 காட்டும். சிலவற்றில் இந்தச் சிப் 2012-இலேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற வாசகமே வரும். 2014 ஒக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் டிரைவர் இதைவிடத் தூரம் போனது. போலிச் சிப்பின் பொருள் எண்ணையே பூச்சியமாக மாற்றியது. அதன் பிறகு அந்த வயரை வேறு கணினியிலும் விண்டோஸ் அடையாளம் காணவில்லை. மென்பொருள் செய்த காரியம், காயம் வன்பொருளில். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

புதுப்பித்த பிறகு உங்கள் வயர் கோட் 10 காட்டினால், அதை லினக்ஸில் குத்திப் பாருங்கள். ஓடினால் சிப் உயிரோடு இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் "அப்டேட் டிரைவர்" போய், கணினியில் இருக்கும் பட்டியலிலிருந்து பழைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். புது வயர் வாங்கக் காசு இருந்தால் அதுவே நிரந்தரத் தீர்வு.

குறிப்பு: சீரியல் வயரைப் போர்ட் மாற்றிக் குத்தினால் கொம் எண் மாறிவிடும். கொம் 3-இல் தராசைத் தேடும் மென்பொருள், கொம் 5-க்குப் போன தராசைக் காணாது. பிரிண்டருக்கும் இதே கதை: வேறு போர்ட்டில் குத்தினால் பட்டியலில் அதே பெயரோடு "கொப்பி 1" என்று இன்னொன்று முளைக்கும், நீங்கள் அனுப்பும் பக்கங்கள் பழைய பெயருக்கே போய் வரிசையில் நிற்கும். எந்த வயர் எந்தப் போர்ட் என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பென் ஏறுகிறது, கோப்பு இல்லை

எழுத்தோடு பென் தெரிகிறது, உள்ளே எல்லாம் ஷோர்ட்கட்டாக இருக்கிறது என்றால், போர்ட்டும் பென்னும் குற்றமற்றவை. கொமியூனிகேஷன் கடைகளில் ஊர்ப் பென்கள் எல்லாம் ஒரே கணினியில் ஏறி இறங்கும்போது தொற்றும் வைரஸ் இது. ஷோர்ட்கட்டைச் சொடுக்காதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபென்டரால் பென்னை முழுதாகச் சோதியுங்கள். பிறகு, மறைத்து வைத்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் உங்கள் கோப்புகள் தெரியும். பெயரில்லாத ஃபோல்டர் ஒன்றுக்குள்ளும் கிடக்கலாம். "ஃபோர்மெட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் "வேண்டாம்" சொல்லுங்கள். பென் தெரிகிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறந்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும்.

துருவைத் துடைப்பது

சோதனை வரிசையின் முதல் படியில் பச்சையைக் கண்டிருந்தால் இப்போது அதைக் கவனிக்கலாம். கணினி அணைந்து, செருகி பிடுங்கப்பட்டு, லேப்டாப்பானால் பேட்டரி கழன்றிருக்க வேண்டும். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் அல்கஹோலை இலத்திரனியல் சாமான் கடையில் கேட்டு வாங்குங்கள். பல்குத்தும் குச்சியில் பழைய மூக்குக்கண்ணாடித் துணியை மெல்லிதாகச் சுற்றி, ஒரு துளி தொட்டு, தகட்டின் நீளவாக்கில் தடவுங்கள். பஞ்சு வேண்டாம், இழை உள்ளே சிக்கும். ஊசி, கத்தி, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அல்கஹோல் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்படியிலும் சாமி விளக்குப் பக்கத்திலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அரை மணி நேரம் உலர விட்டுவிட்டுக் கரண்ட் கொடுங்கள். மருந்துக் கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு சேர்மானங்கள் இருக்கலாம் என்பதால் அது இதற்கு மாற்று ஆகாது. ஈரமான கணினியை அரிசிக்குள் புதைக்கும் வழக்கமும் வேண்டாம். ஈரம் போகிறதோ இல்லையோ, தவிட்டுத் தூசி போர்ட்டுக்குள் போய்விடும்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால்

பயாஸிலும் ஓடவில்லை, லினக்ஸிலும் ஓடவில்லை, துடைத்தும் பயனில்லை என்றால் போர்ட்டையோ மதர்போர்ட்டையோ கடைக்காரர் பார்க்க வேண்டியதுதான். மேசைக் கணினியில் உள்ளே இடம் இருந்தால், போர்ட்டைப் பற்றவைப்பதற்குப் பதிலாக யூ.எஸ்.பி. கார்ட் ஒன்றைப் போட முடியுமா என்று கேளுங்கள். பலகையில் சூடு படாமல் வேலை முடியும். கரண்ட் போதாமைதான் பழுது என்று கொப்பி சொன்னால் தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்று போதும், பெட்டியைத் தூக்கவே வேண்டாம். தூக்கத்தான் வேண்டும் என்றால், நெட்வொர்க் வழியாகவோ போன் வழியாகவோ முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். கொப்பியில் எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கூடவே கொண்டுபோங்கள்: எந்தப் போர்ட், எந்தக் கருவி, என்ன கோட், பயாஸில் என்ன நடந்தது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கட்டும்: "என்னைக் கேட்காமல் ஃபோர்மெட் செய்ய வேண்டாம்."